வெற்றிக் கோப்பையும் ஒட்டுப் போர்வையும்

நம் மன்ற அறையில் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கிறது. அதன் மேல் மூன்று தட்டுகளிலும் கோப்பைகள் நிற்கின்றன. கீழ்த்தட்டில், கதவை முழுதும் மூடவிடாமல் பிதுங்கிக்கொண்டு, ஒரு துணி மூட்டை கிடக்கிறது. கோப்பைகளை நாம் எல்லாரும் அறிவோம். விருந்தினர் வந்தால் காட்டுகிறோம். ஆண்டு விழாவுக்கு முதல்நாள் துடைத்து வைக்கிறோம். மூட்டையை யாரும் கேட்பதில்லை. நம் விளையாட்டுக் குழுக்கள் பல ஆண்டுகளாக அணிந்து, வியர்த்து, கிழித்து, துவைத்து, பின் கழற்றிப் போட்ட ஜெர்சிகளே அதற்குள் இருக்கின்றன.

"அந்த மூட்டையை எடைக்குப் போட்டுவிட்டால் என்ன?" என்று சென்ற செயற்குழுவில் ஒருவர் கேட்டார். அலமாரியில் இடம் வேண்டும் என்பது அவர் காரணம். பலர் தலையசைத்தனர். வரும் பொதுக்குழுவில் இது தீர்மானமாக வரும் என்று தெரிகிறது. அதற்கு முன்பே என் மறுப்பைச் சொல்லிவிடுவது கடமை என்று கருதுகிறேன். மறுப்போடு நிற்காமல் மாற்று ஒன்றும் சொல்கிறேன்: அந்தத் துணிகளைக் கொண்டு நாமே ஓர் ஒட்டுப் போர்வை தைப்போம்.

சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். ஆயினும் தில்லியின் தை மாதக் குளிரை ஒருமுறையேனும் விடுதி அறையில் கழித்தவர் எவரும், போர்வை பற்றிய பேச்சில் நெடுநேரம் சிரிக்க மாட்டார் என்பது என் நம்பிக்கை.

இரு வாரங்களுக்கு முன் செயலாளரின் இசைவு பெற்று மூட்டையை அவிழ்த்தேன். மொத்தம் 43 உருப்படிகள். கிரிக்கெட் கால்சட்டை ஒன்றில், தொடைப் பக்கம் சிவப்புக் கறை. பந்தைத் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய சாயம் அது; எந்தச் சவர்க்காரத்துக்கும் அசையவில்லை. கபடிச் சட்டைகளில் ஒன்றுக்குக் கூடக் கழுத்துப் பட்டை ஒழுங்காக இல்லை. எதிரணியார் எங்கே பிடித்து இழுப்பார்கள் என்பதை அந்தக் கிழிசல்களே சொல்கின்றன. மாணவியரின் எறிபந்துக் குழுவுக்கென்று ஒருமுறையும் தனிச் சட்டை வாங்கவில்லை நாம். ஆண்களின் பழைய சட்டைகளைத்தான் கொடுத்தோம். முழங்கைக்குக் கீழே தொங்கிய கைகளை அவர்கள் மடித்துத் தையல் போட்டுக்கொண்டார்கள். அந்த மடிப்புத் தையல்கள் இன்னும் அப்படியே இருக்கின்றன. எறிபந்துக்குக் கோப்பை வைத்த போட்டி எதிலும் அவர்கள் ஆட வாய்க்கவில்லை. எனவே மேல்தட்டில் அவர்கள் இல்லை.

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு மஞ்சள் சட்டை கிடந்தது. முழங்கை கிழிந்து, நெஞ்சில் புல்லின் பச்சை ஏறியிருந்தது. யாருடையது என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. நம் கால்பந்துக் குழு அரையிறுதியில் 4 கோல் வாங்கித் தோற்றதே, அந்த ஆட்டத்தில் கோல் காத்தவருடைய சட்டை. நான்கைத் தடுக்க முடியாமல் போனது எல்லாருக்கும் நினைவிருக்கிறது. அன்று அவர் தடுத்தவை எத்தனை என்று கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது. அந்தப் பருவத்திலேயே தந்தையார் நோயுற்றதால் படிப்பைப் பாதியில் விட்டு ஊருக்குப் போனார். திரும்பி வரவில்லை. பட்டம் பெற்றவர் பட்டியலில் அவர் பெயர் இல்லை, கோப்பையிலும் இல்லை. இந்தப் பல்கலைக் கழகத்தில் அவர் இருந்தார், ஆடினார் என்பதற்கு எஞ்சியிருக்கும் சான்று அந்த மஞ்சள் சட்டை ஒன்றுதான். அதைத்தான் நாம் எடைக்குப் போடப் பார்க்கிறோம்.

கோப்பை மூன்றே செய்தி சொல்லும்: எந்த ஆண்டு, எந்தப் போட்டி, எந்த இடம். அது பொய் சொல்வதில்லை. ஆனால் மிகக் குறைவாகச் சொல்கிறது. துணி அப்படியன்று. அது உடம்போடு ஒட்டிக் கிடந்தது. விழுந்தபோது விழுந்தது, எழுந்தபோது எழுந்தது. வென்றவன் சட்டையிலும் தோற்றவன் சட்டையிலும் ஏறுவது ஒரே வியர்வைதான்.

துணியை இப்படி மதிப்பது நமக்குப் புதிதன்று. பாட்டியின் பழஞ்சேலை குழந்தைக்குத் தூளியாவதும், நைந்தபின் நான்காக மடிந்து விரிப்பாவதும் நம் வீடுகளில் நாம் கண்டவை. தஞ்சைப் பகுதியில் தேர்களுக்குக் கட்டும் தொம்பைகளில், வண்ணத் துணிகளை வெட்டி ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தைக்கும் கலை வழிவழியாக வருகிறது. வங்கத்தில் பழஞ்சேலைகளை அடுக்கி, அவற்றின் கரையிலிருந்தே நூல் உருவி, ஓட்டுத் தையல் இட்டுக் 'காந்தா' ஆக்கினார்கள். ஏழ்மையில் பிறந்த சிக்கனம் இது என்பது உண்மை. ஆனால் சிக்கனம் மட்டுமே என்றால் உண்மையில் பாதிதான்.

நம் அண்டை மாநிலமாகிய கருநாடகத்தில், வட கன்னட மாவட்டத்துக் காடுகளை ஒட்டிச் சித்தி மக்கள் வாழ்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். அவர்களுடைய பெண்கள் தைக்கும் ஒட்டுப் போர்வைக்குக் 'கவந்த்' என்று பெயர். ஒரு பழஞ்சேலையை விரித்து, அதன் ஓரத்தில் தொடங்கி, கையில் கிடைத்த துண்டுகளைச் சுற்றிச் சுற்றி வைத்துத் தைத்துக்கொண்டே நடுவை நோக்கி வருவார்கள். நான்கு மூலையிலும் மடித்த சிறு துண்டுகளைச் செருகுவார்கள். அவற்றுக்குப் 'பூ' என்று பெயர். பூ இல்லாத போர்வை முடிவுபெற்ற போர்வை ஆகாது அவர்களுக்கு. வரைபடம் கிடையாது, அச்சு கிடையாது. அடுத்த துண்டு எது என்பதை முந்தைய துண்டுதான் சொல்லும்.

இதே சித்தி மக்களிடமிருந்து 1980களில் இந்திய விளையாட்டு ஆணையம் இளையோரைத் தேர்ந்தெடுத்துத் தடகளப் பயிற்சி கொடுத்தது. சிலர் பதக்கமும் பெற்றார்கள். பின்னர் அத்திட்டம் நின்றுபோனது. பலர் ஊருக்குத் திரும்பினார்கள். பதக்கம் பெற்றவர்களைப் பற்றி இன்றும் ஓரளவு எழுதுகிறார்கள். திரும்பிப் போனவர்களைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலர். களத்தின் வரலாறு எங்கும் இப்படித்தான் எழுதப்படுகிறது போலும்.

கடல் கடந்தும் ஒரு சான்று காட்டுகிறேன். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஆற்றின் வளைவு ஒன்றுக்குள் அடங்கிய சிற்றூர் ஜீஸ் பெண்ட். அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களின் வழிவந்தோர் ஊர் அது. குளிர் புகும் வீடுகளில் பிள்ளைகளைக் காக்க, அங்குள்ள பெண்கள் வயலில் உழைத்து நைந்த உடைகளைக் கிழித்துப் போர்வை தைத்தார்கள். 1942-இல் மிசூரி பெட்வே என்னும் அம்மையார், இறந்துபோன தம் கணவரின் வேலை உடைகளைக் கொண்டே ஒரு போர்வை தைத்தார். அவரை நினைத்துக்கொள்ளவும், அந்த அன்பைப் போர்த்திக்கொண்டு உறங்கவும் வேண்டும் என்பது அவர் விருப்பம். மகள் பின்னாளில் சொல்லித்தான் உலகம் இதை அறிந்தது. முழங்கால் தேய்ந்த கால்சட்டையில், தேய்ந்த இடம் வெளிறியிருக்கும். பையைப் பிரித்தெடுத்த இடம் கருத்திருக்கும். அந்தக் கருப்பும் வெளிறலுமே அப்போர்வைகளின் ஓவியம்.

1972-இல் சியர்ஸ் என்னும் பெருங்கடைக்காகத் தலையணை உறைகள் தைக்கும் வேலை அவ்வூர்ப் பெண்களுக்குக் கிடைத்தது. வெட்டி மிஞ்சிய கார்டுராய்த் துண்டுகளை அவர்கள் வீணாக்கவில்லை, அவையும் போர்வைகளாயின. 2002-இல் ஹூஸ்டன் நகர அருங்காட்சியகம் இப்போர்வைகளைச் சுவரில் மாட்டியபோது, கலை அறிந்தோர் வியந்து நின்றார்கள். அதே ஆண்டில் நியூயார்க்கிலும் மாட்டினார்கள். 2006-இல் அமெரிக்க அஞ்சல் துறை பத்துப் போர்வைகளை அஞ்சல் தலைகளாக வெளியிட்டது. குளிருக்குத் தைத்தவை கோபுரம் ஏறின. ஆனால் நான் சுட்ட விரும்புவது அந்தப் புகழை அன்று. புகழ் வராமல் போயிருந்தாலும் மிசூரி அம்மையாரின் போர்வை தன் வேலையைச் செய்து முடித்திருக்கும்.

இவ்வாறு அச்சும் அளவுகோலும் இன்றித் தைப்பதைக் கைப்போக்குத் தையல் என்று சொல்லலாம். "திட்டமில்லாமல் செய்வது குழப்பமல்லவா?" என்று கேட்பீர்கள். கபடி ஆடியவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது. பாடிச் செல்பவனுக்கு 30 நொடி. எதிரே ஏழு பேர். கடக்க வேண்டிய கோடுகள் தரையில் தெளிவாக இருக்கின்றன. ஆனால் எந்தக் காலை எப்போது நீட்டுவது என்று எந்த ஏட்டிலும் எழுதி வைத்திருக்கவில்லை. விதி உண்டு, வரைபடம் இல்லை. எதிரியின் முழங்கால் மடிவதைப் பார்த்து அந்தக் கணத்தில் முடிவு செய்கிறான். அதைக் குழப்பம் என்றா சொல்கிறோம்? தேர்ச்சி என்கிறோம். கைப்போக்குத் தையலும் அதுவே. தையலுக்கு ஓரம் விட வேண்டும், துணி பிசிறக் கூடாது, போர்வை தட்டையாகக் கிடக்க வேண்டும் என்பவை விதிகள். அவற்றுக்கு உட்பட்டு எந்தத் துண்டை எங்கே வைப்பது என்பது ஆடுபவரின் விருப்பம்.

இன்னொன்றும் எண்ணிப் பாருங்கள். நாம் உதைக்கும் பந்தே ஓர் ஒட்டுத் தையல்தான். 1970-ஆம் ஆண்டு மெக்சிகோ உலகக் கோப்பையில் ஆடிய பந்து, 12 கருப்பு ஐங்கோணமும் 20 வெள்ளை அறுகோணமும் சேர்ந்த 32 துண்டுகளால் ஆனது. நெடுங்காலம் பந்து என்றால் உலகம் எண்ணியது அந்த உருவத்தைத்தான். சிறந்த கிரிக்கெட் பந்து நான்கு தோல் துண்டுகளை இணைத்துத் தைத்தது. இங்கிருந்து சில மணி நேரப் பயணத்தில் உள்ள ஜலந்தரில், வீட்டுத் திண்ணைகளில் அமர்ந்து கால்பந்து தைப்போர் இருக்கிறார்கள். மீரட்டில் கிரிக்கெட் பந்து தைப்போர் இருக்கிறார்கள். விளையாட்டுக்கும் ஊசிக்கும் உறவில்லை என்று எண்ணுவது அறியாமை.

இனிச் செய்முறைக்கு வருகிறேன். சொல்வதற்கு முன் செய்து பார்க்க வேண்டும் என்பதால், என் சொந்தச் சட்டைகள் இரண்டை வெட்டி ஒரு கட்டம் தைத்தேன். முதல் முயற்சி தோல்வி. இஸ்திரிப் பெட்டியைப் பருத்திக்கு வைக்கும் சூட்டில் வைத்து, முதுகில் அச்சிட்ட எண்ணின்மேல் தேய்த்தேன். எண் உருகிப் பெட்டியில் ஒட்டிக்கொண்டது. நம் ஜெர்சிகள் பாலியெஸ்டர். அதாவது பிளாஸ்டிக் இழை. குறைந்த சூடுதான் தாங்கும். அதுவும் மேலே ஒரு பருத்தித் துணியை விரித்துத் தேய்க்க வேண்டும். அச்சின்மேல் நேரே பெட்டி படவே கூடாது.

இரண்டாவது தவறு, துணியை இழுத்துப் பிடித்துத் தைத்தது. ஜெர்சித் துணி நெய்தது அன்று. பனியனைப் போலப் பின்னியது. இழுத்தால் நீளும், தைத்தபின் அலை அலையாகச் சுருங்கி நிற்கும். விடுதி வாயிலருகே தையல் பொறியோடு அமர்ந்திருக்கும் முதியவரை, மாஸ்டர்ஜியை, நீங்கள் எல்லாரும் அறிவீர்கள். என் கட்டத்தை அவரிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "துணியோடு சண்டை போட்டிருக்கிறாய்" என்றார். சட்டைக் காலருக்குள் வைக்கும் பேஸ்டிங் கேன்வாஸில் மெல்லிய வகையை வாங்கி, துணியின் பின்புறம் ஒட்டிவிட்டு, அதன்பின் வெட்டச் சொன்னார். ஒட்டியபின் துணி அடங்கிப் போயிற்று. முனை மழுங்கிய ஊசியும் அவர் கொடுத்ததுதான். கூரிய ஊசி பின்னல் இழையை அறுத்துவிடும்.

மூன்றாவது முயற்சி தேறியது. எண் உள்ள துண்டை நடுவில் வைத்தேன். இரண்டு முதல் நான்கு அங்குல அகலத்தில், அளவுகோல் இல்லாமல் கத்தரித்த பட்டைகளை அதன் ஒவ்வொரு பக்கமாக இணைத்துக்கொண்டே போனேன். ஜீஸ் பெண்ட் பெண்கள் 'வீட்டுக் கூரை' என்று சொல்லும் முறை இது: நடுவில் தொடங்கி வெளியே வளர்வது. சித்திப் பெண்கள் வெளியில் தொடங்கி நடுவுக்கு வருகிறார்கள். நமக்கு எது கைவருகிறதோ அதைச் செய்யலாம். கையால் தைப்போர் ஓரத்துக்கு அரை அங்குலம் விடுவது நல்லது. இரண்டு மணி நேரத்தில் ஒரு கட்டம் முடிந்தது.

கணக்கு எளிது. தைத்து முடித்தபின் ஓர் அடிச் சதுரமாக வரும் கட்டங்கள், அகலத்தில் 5, நீளத்தில் 7, ஆக 35. போர்வை 5 அடிக்கு 7 அடி. விடுதிக் கட்டிலுக்குப் போதும். 35 பேர், ஆளுக்கொரு கட்டம். எல்லாக் கட்டங்களையும் உணவுக்கூடத்துத் தரையில் பரப்பி, நாற்காலிமேல் ஏறி நின்று பார்க்க வேண்டும். கைபேசியில் கருப்பு வெள்ளைப் படம் எடுத்தால், இருண்ட துண்டுகள் ஒரே பக்கம் குவிந்திருக்கின்றனவா என்று உடனே தெரியும். மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தபின் இணைக்கலாம். உள்ளே வைக்கப் பஞ்சு. மழைக்காலம் கழிந்ததும் வில்லோடு வந்து பஞ்சு அடித்துக் கொடுப்பவர்கள் இந்நகரில் இன்னும் இருக்கிறார்கள். அடித்துணிக்கு நம் பழைய எட்டு முழ வேட்டிகள். மூன்று அடுக்கையும் சேர்த்து ஓட்டுத் தையல் போட இயலாதவர்கள், நான்கு ஐந்து அங்குலத்துக்கு ஒரு முடிச்சாகத் தடித்த நூலால் கட்டிவிடலாம். பஞ்சு விலகாது.

படம் எதுவும் வேண்டா என்பது என் கருத்து. மட்டையும் பந்தும் வரைந்து வெட்டி ஒட்டினால், அது குழந்தைகள் அறையின் திரைச்சீலை போலாகிவிடும். வெள்ளைக் கால்சட்டையின் ஒரு நீண்ட பட்டையைப் பச்சைக்கு நடுவே வைத்தால் கிரிக்கெட் களம் தானே தெரியும். எட்டுக் கோடுகளை அருகருகே தைத்தால் ஓட்டப் பாதை. துணியே விளையாட்டிலிருந்து வந்தது. அதன்மேல் விளையாட்டை வரைந்து காட்டத் தேவையில்லை.

இனி மறுப்புகள். என் காதுக்கு எட்டியவற்றுக்கு மட்டும் விடை சொல்கிறேன்.

"வெற்றி பெற்ற குழுவின் படத்தை அச்சிட்டு ஒரு கம்பளி வாங்கினால் போதாதா? ஒரே நாளில் கிடைக்குமே" என்றார் ஒரு நண்பர். கிடைக்கும், அடுத்த ஆண்டு இன்னொன்றும் கிடைக்கும். படத்தில் நிற்பவர்கள் பதினொருவர். அவர்களுக்குப் பயிற்சி ஆட்டத்தில் எதிரணியாக நின்றவர்கள் எத்தனை பேர்? அவர்கள் இல்லாமல் அந்தப் பதினொருவர் யாரோடு ஆடிப் பழகியிருப்பார்கள்?

"சரி, போர்வையே தைப்போம், ஆனால் கோப்பை வென்ற ஆண்டுகளின் சட்டைகளை மட்டும் எடுத்துக்கொள்வோம்" என்றார் மற்றொருவர். இதைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். அப்படித் தைத்தால் அது துணியால் ஆன இன்னொரு கோப்பை அலமாரி. எறிபந்து ஆடிய மாணவியர் வெளியே. மஞ்சள் சட்டை வெளியே. அதற்கு எடைக்குப் போடுவதே நேர்மையானது.

"எடைக்குப் போட்டாலும் வீணாவதில்லையே, பானிபட்டுக்குப் போகும் பழந்துணிகளைக் கிழித்து நூலாக்கிக் கம்பளி நெய்கிறார்களே" என்று ஒரு பொருளியல் மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. அந்த ஊரின் தொழிலை நான் மதிக்கிறேன். ஆனால் அங்கே போனால் இழை மிஞ்சும். யாருடையது என்பது மிஞ்சாது. நாம் காக்க நினைப்பது அந்த இரண்டாவதைத்தான்.

"தையல் பெண்கள் வேலை, எறிபந்துக் குழுவிடம் கொடுத்துவிடலாம்" என்று ஒரு குரல். இதற்குச் சற்றுக் கடுமையாகவே விடை சொல்ல வேண்டியிருக்கிறது. நம் கால்சட்டைகளைத் தைப்பவர் யார்? மாஸ்டர்ஜி. கூலி கிடைக்கும்போது அது ஆண்மகனின் தொழில். கூலி இல்லாதபோது மட்டும் பெண்ணின் பொறுமையா? அவர்களுக்குப் பொருந்தாத சட்டையைக் கொடுத்தோம், மடித்துத் தைத்துக்கொண்டார்கள். இப்போது நம் சட்டையையும் தைத்துத் தரச் சொல்கிறோமா? அவரவர் கட்டத்தை அவரவர் தைப்பது. கை தெரியாதவர்கள் தெரிந்தவரிடம் கற்றுக்கொள்வது. இதில் ஆண் பெண் என்ற பேச்சே வேண்டா.

கடைசியாக ஒன்று. ஆண்டுதோறும் பொங்கல் விழாவில் உணவுக்கூடத் தொழிலாளரோடு நாம் கிரிக்கெட் ஆடுகிறோம். பெரும்பாலும் அவர்களே வெல்கிறார்கள். கார்வால் மலைப்பக்கத்துக்காரர்கள், தமிழ் அறியாதவர்கள். "தமிழ் மன்றப் போர்வையில் அவர்கள் துணி எதற்கு?" என்று கேட்கக்கூடும். மன்றத்தின் பெயரை அலமாரியில் எழுதலாம். களத்தில் அப்படி எழுத முடியாது. நம்மோடு ஆடியவர் நம்மவர். அவர்கள் தலையில் கட்டி ஆடும் துண்டுகளில் ஒன்றைக் கேட்டுப் பெறுவோம். 35 கட்டங்களில் ஒன்று அவர்களுக்கு.

என் சட்டையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்த மூட்டையில் என்னுடையதும் ஒன்று இருந்தது. மூன்று பருவம் கால்பந்துக் குழுவில் மாற்றாளாக இருந்தேன். ஒருநாளும் களத்தில் இறங்கவில்லை. கறை இல்லை, கிழிசல் இல்லை. மடிப்புக் கலையாமல் இருந்தது. அதை மட்டும் எடுத்து ஒளித்து வைத்துவிடலாமா என்று தோன்றியது என்பதை மறைப்பானேன்? வியர்வையைப் பற்றி இவ்வளவு பேசுகிறவனின் சட்டை வியர்க்கவே இல்லை.

அன்று மாலை மாஸ்டர்ஜியிடம் வேறொரு ஐயம் கேட்டேன். அளவுகோல் இல்லாமல் தைக்கும் கட்டங்கள் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்தா. ஒன்று முக்கால் அங்குலம் குறையும், ஒன்று கூடும். கூடினால் வெட்டலாம், குறைந்தால் என்ன செய்வது? அவர் சொன்னார்: "நடுவில் ஒரு பட்டை வைத்துத் தை. எந்தப் போர்வையிலும் அப்படிப் பத்துப் பட்டை இல்லாமல் முடியாது. ஆனால் அதற்கு நைந்த துணி உதவாது. நல்ல உறுதியான துணியாகப் பார்த்து எடு."

43 உருப்படிகளில் அப்படி உறுதியான துணி ஒன்றுதான் இருந்தது. அதைப் பட்டை பட்டையாகக் கத்தரித்து வைத்திருக்கிறேன். என் பெயரில் கட்டம் வேண்டா. மஞ்சள் சட்டைக்கும் அதன் பக்கத்துக் கட்டத்துக்கும் இடையில் குறைகிற இடத்தில் வைத்தால் போதும்.

வரும் பொதுக்குழுவில், மூட்டையை எடைக்குப் போடும் தீர்மானம் வந்தால் எதிர்த்து வாக்களியுங்கள் என்று வேண்டுகிறேன். அதனோடு நின்றுவிட வேண்டா. தேர்வு முடிந்து வரும் முதல் ஞாயிறு காலை, உணவுக்கூடத்தில் துணிகளைப் பரப்பி வைத்திருப்பேன். கத்தரிக்கோல் நான்கு இருக்கிறது. ஊசியும் நூலும் அவரவர் கொண்டு வர வேண்டும். ஊருக்குப் போய்விட்ட கோல்காப்பாளருக்கும் எழுதியிருக்கிறேன். போர்வை முடிந்ததும் முதல் குளிர்காலம் அது அவர் வீட்டில் இருக்கட்டும். அதன்பின் அலமாரிக்கு வரட்டும் என்பது என் விருப்பம். மன்றத்தார் இசைவார்கள் என்று நம்புகிறேன்.